வாசோபா என்ற சொல்லுக்குத் தாத்தா தேடிய கதை

உங்கள் தேநீரில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், இன்ஸ்பெக்டர் அம்மா. குறையாகச் சொல்லவில்லை. காவல் நிலையத்தில் பாலும் இஞ்சியும் போட்டுத் தேநீர் கொடுப்பார்கள் என்பது இத்தனை வயதுவரை எனக்குத் தெரியாமல் போய்விட்டது. இங்கே நான் வருவது இதுதான் முதல் தடவை. எங்கள் குன்றில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், எல்பாஸ் கயேசி ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவன் என்றுதான் சொல்வார்கள்.

ஜென்ட்ரிக்ஸ் கொடுத்த புகாரை வாசித்துக் காட்டினீர்கள். அதில் இருப்பதெல்லாம் உண்மை. ஒரே ஓர் இடத்தில் என்னைக் 'கயவன்' என்று எழுதியிருக்கிறாள். பள்ளியில் அவளுக்குக் கிஸ்வாஹிலி மொழி சொல்லிக்கொடுத்தவன் நான். அந்த வாக்கியத்துக்கு அந்தச் சொல் சரியாகப் பொருந்தவில்லை. 'அற்பன்' என்று போட்டிருந்தால் இன்னும் எடுப்பாக இருந்திருக்கும். நல்ல மாணவிதான், அவசரக்காரி.

எல்லாம் எங்கள் குன்றில் ரோடா அம்மா செத்த துக்கத்தில் தொடங்கியது. எங்கள் பக்கத்தில் சாவு விழுந்தால் மைக் பிடிக்க ஓர் ஆள் வேண்டும், பெரிய மனிதர்கள் உட்கார ஒரு சோபா வேண்டும். ஊரில் யார் வீட்டில் நல்ல சோபா இருக்கிறதோ, அதை நாலு பேர் தலையில் தூக்கிக்கொண்டு போய்ப் பந்தலின் முன்வரிசையில் போட்டுவிடுவார்கள். யாரும் மறுப்பதில்லை. இன்று மறுத்தால், நாளை நம் வீட்டுத் துக்கத்துக்கு வருகிற பெரிய மனிதர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வேண்டிவரும். அதற்குச் சாகாமலே இருந்துவிடலாம். என் கெட்ட நேரம், அன்று மைக் பிடித்தவனும் நான்தான், சோபாவும் என்னுடையதுதான்.

எங்கள் எம்.பி. மூன்று மணி நேரம் தாமதமாக, ஆறு வண்டிகளில் வந்தார். பிணமே வெயிலில் காத்துக் கிடந்தது. அவர் ஆட்கள் சேற்றுக் காலோடு என் சோபாவில் ஏறி நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். அதன் மேல் கிடந்த வெள்ளைப் பின்னல் விரிப்பு என் மனைவி எலெக்டின் ஒரு மழைக்காலம் முழுக்கக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு பின்னியது. அதில் ஒருவர் கோழிக் குழம்பைச் சிந்தினார். அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் கோழியின் இரைப்பை யாருக்குப் போக வேண்டும் என்பது எங்கள் குன்றில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். மூத்தவருக்குப் போக வேண்டும், அல்லது காலையிலிருந்து தொண்டை வறளப் பேசுகிறவனுக்காவது போக வேண்டும். அன்று அது எம்.பி.யின் டிரைவருக்குப் போனது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவன் அதை மெல்லக்கூட இல்லை, முழுங்கிவிட்டான்.

அப்போதுதான் மைக்கில் சொன்னேன்: "வாசோபா வந்தாச்சு! உக்காந்திருக்கிறவங்க எல்லாம் எந்திரிங்க. ஏற்கெனவே நிக்கிறவங்க இன்னும் கொஞ்சம் நல்லா நில்லுங்க!"

வாத்தியார் புத்தி, விளக்காமல் விட மனசு வராது. கிஸ்வாஹிலியில் முன்னால் 'வா' போட்டால் அந்த வகை மனிதர்கள் என்று அர்த்தம் என்பது உங்களுக்கும் தெரியும். சோபா மனிதர்கள். நாடு முழுக்க நம்மை ஆள்கிறவர்கள். அடுத்தவன் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து ஆள்கிறவர்கள். கூட்டத்தில் முதலில் சிரித்தது ஜென்ட்ரிக்ஸ்தான். கிசுமு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள், விடுப்பில் வந்திருந்தாள். அவள் சிரித்ததும் மொத்தப் பந்தலும் சிரித்தது. எம்.பி.யும் தன்னைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்துக் கையசைத்தார்.

சொல் கால் முளைத்து நடந்துவிட்டது. மட்டாட்டு வேன்களின் பின்கண்ணாடியில் எழுதினார்கள். கீரைக்காரி கடன் கேட்டவனை, "பாக்கி வெக்கிறதுக்கு நீ என்ன வாசோபாவா?" என்று விரட்டினாள். முட்டை போடாமல் நல்ல கூடையில் மட்டும் ஏறி உட்காருகிற கோழிக்கும் அந்தப் பெயர் வந்தது. ஒரு கோழிக்குப் பன்மையில் பெயர் வைப்பது தவறு, ஆனால் கோழியிடம் யார் இலக்கணம் பார்க்கிறார்கள். தேநீர்க் கடையில் ஒருவன் என்னிடமே வந்து, "வாத்தியாரே, வாசோபான்னு ஒரு புது வார்த்தை வந்திருக்கு, தெரியுமா?" என்று கேட்டு எனக்கே பொருள் சொன்னான்.

எனக்கு வலித்தது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? பெற்ற பிள்ளை தெருவில் நம்மைப் பார்த்து, 'நீங்க யாரு?' என்று கேட்டால் எப்படி இருக்கும்?

"சொன்னது நான்தாம்ப்பா, ரோடா அம்மா துக்கத்துல" என்றேன்.

"சும்மா இருங்க வாத்தியாரே. மைக்கப் புடிச்சவன் எல்லாம் வார்த்தை பெத்துட முடியுமா? வார்த்தைன்னா அதுக்கு ஒரு வயசு வேணாமா?" என்றான். கடை முழுக்கச் சிரித்தது. அவர்களில் பாதிப் பேர் அந்தத் துக்கத்தில் இருந்தவர்கள்.

பிறகு ஒரு காலை, எங்கள் மொழி வானொலியில் இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று நேயர்களைக் கேட்டார்கள். ஒருவன் கூப்பிட்டு நைரோபியிலிருந்து வந்தது என்றான். நைரோபியிலிருந்து எங்களுக்கு இதுவரை வந்ததெல்லாம் வரியும் பவர்கட்டும்தான். பொறுக்க முடியாமல் நானும் கூப்பிட்டேன். உண்மையைச் சொல்லலாம் என்றுதான் போனை எடுத்தேன். ஆனால் தேநீர்க் கடைச் சிரிப்பு காதிலேயே இருந்தது. வயது வேண்டுமாமே, கொடுத்துவிடலாம் என்று தோன்றியது.

"தம்பி, இது நூறு வருஷத்து வார்த்தை. வெள்ளைக்காரன் காலத்துல எங்க குன்றுல ஒரு தலைவர் இருந்தாரு. துரை குடுத்த சோபாவுல உக்காந்துக்கிட்டு, நாலு ஆளுங்க தோள்ல தூக்கிட்டுப் போக, ஊர் ஊரா வரி வசூல் பண்ணுவாரு. அவரையும் அவரு ஆளுங்களையும் சனங்க அப்படித்தான் கூப்பிட்டாங்க."

"அடேங்கப்பா! யாரு சார் அந்தத் தலைவர்?"

அதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். பக்கத்து வீட்டு அம்புண்டோ என் தோட்டத்துக் கீரையிலிருந்து தன் ஆட்டை இழுத்துக்கொண்டிருந்தான். ஜென்ட்ரிக்ஸின் அப்பா. "முலாமா" என்றேன். அவன் தாத்தாவின் பெயர் அது. அந்த நேரம் அங்கே வேறு யாராவது நின்றிருந்தால் வேறு பெயர் வந்திருக்கும். அம்புண்டோவோடு எனக்குப் பகை கிடையாது என்பதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

முலாமா தலைவராக இருந்ததில்லை. மிஷன் பள்ளியில் சமையல்காரர். முக்காலி ஒன்றையும் அடிபிடித்த இரண்டு சட்டிகளையும் விட்டுவிட்டுச் செத்தவர்.

அடுத்து நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. ஊர் தானாக நினைவுபடுத்திக்கொள்ள ஆரம்பித்தது. கிழவர் கிசாகா சந்தையில் சட்டையைக் கழற்றி, சோபா தூக்கியதால் தோளில் விழுந்த பள்ளம் என்று காட்டினார். வாழைச் சாராயம் குடித்துவிட்டு அவர் பாலத்திலிருந்து விழுந்தபோது தூக்கி வந்தவன் நான். ஆனாலும் அவர் சொன்ன விதத்தில் எனக்கே கண் கலங்கியது. சோபா பச்சை என்று ஒரு கட்சி, சிவப்பு என்று ஒரு கட்சி, கைகலப்பு வரை போனது. தூக்கியவர்கள் பாடியதாக நான் ஒரு பாட்டுக் கட்டி விட்டேன். ஒரு வாரத்தில் சந்தைப் பெண்கள் அதைப் பாடிக்கொண்டே, "ரெண்டாவது அடியத் தப்பாப் பாடுறீங்க வாத்தியாரே, எங்க பெரியம்மா அப்படிப் பாட மாட்டாங்க" என்று என்னைத் திருத்தினார்கள். திருத்தம் நன்றாகத்தான் இருந்தது. ஏற்றுக்கொண்டேன்.

நைரோபியிலிருந்து டாக்டர் முத்தோனி என்று ஓர் ஆராய்ச்சிக்கார அம்மா ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தார். அகராதி தயாரிக்கிறார்களாம். "உங்களை மாதிரி ஆட்கள்தான் நாட்டின் பொக்கிஷம்" என்றார். என்னை யாரும் அதுவரை அப்படிச் சொன்னதில்லை. பழமொழிகள் வேண்டும் என்றார், கொடுத்தேன். குடும்ப நினைவு ஏதாவது உண்டா என்றார். என் தாத்தா சோபாவின் இடது முன்காலைத் தூக்கியவர் என்றேன். கேட்டுவிட்டு அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அம்புண்டோ முதலில் சிரித்தான். வேலியோரம் நின்று, "என்ன வாத்தியாரே, எங்க தாத்தாவுக்கா சோபா? அந்த மனுஷன் படுக்கப் பாய் இல்லாம செத்தாரு" என்றான்.

"அதிகாரம் போனா எல்லாருக்கும் அப்படித்தான் அம்புண்டோ" என்றேன். அவன் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

ஜென்ட்ரிக்ஸ் சிரிக்கவில்லை. கடைத்தெருவில் நின்று சத்தம் போட்டாள். "இந்த ஆளு ரோடா அம்மா துக்கத்துல சொன்ன வார்த்தைங்க இது! மொதல்ல சிரிச்சவளே நான்தான்!" ஊர் தலையை ஆட்டிக்கொண்டது. தலைவர் வீட்டுக் கொள்ளுப்பேத்தி வேறு எப்படிப் பேசுவாள் என்றார்கள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அவளுக்குக் கக்கமேகா பக்கம் ஒரு பள்ளி ஆசிரியனோடு திருமணம் பேசியிருந்தது. இரண்டு பேரும் விரும்பியது. பெண்ணுக்காக அவர்கள் எத்தனை மாடு தருவது என்று பேசி முடிக்க மாப்பிள்ளை வீட்டார் வரும் நாளுக்கு முன்பு அம்புண்டோ என்னிடம் வந்தான். தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"வாத்தியாரே, ஊர்ல ஆயிரம் பேசுவாங்க. நமக்குள்ள என்ன. சம்பந்திங்க வர்றாங்க, நல்ல சோபா உங்க வீட்லதான் இருக்கு. அப்புறம் எங்க பக்கத்துக்குப் பேச நீங்கதான் வரணும். பொண்ணப் பெத்தவன் தானே வாயத் தொறந்து மாடு கேட்டா நல்லாவா இருக்கும்?"

நான் சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன். அண்டை வீட்டுக்காரன் இதற்குக்கூட உதவாவிட்டால் எப்படி. சோபாவின் ஒரு முனையை நானே பிடித்துத் தூக்கினேன். எலெக்டின் துவைத்த விரிப்பைப் போட்டாள். குழம்புக் கறை போயிருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் பளிச்சென்று உடுத்திக்கொண்டு வந்தார்கள். உள்ளே அடுப்பில் கோழி வெந்துகொண்டிருந்தது. டாக்டர் முத்தோனியும் எங்கள் திருமணப் பேச்சைப் பதிவுசெய்ய மூலையில் உட்கார்ந்திருந்தார், அழைத்து வந்தது நான்தான். மாப்பிள்ளையின் பெரியப்பா வாசல்படி தாண்டியதும் நின்றார். சோபாவையே பார்த்தார்.

"இதுதானா அது?"

அம்புண்டோ என்னைப் பார்த்தான். ஜென்ட்ரிக்ஸ் சமையலறைக் கதவோரம் நின்று என்னைப் பார்த்தாள். பெண் வீட்டுக்குப் பேச வேண்டியவன் நான். வேறு யார் வாயைத் திறந்தாலும் அவமரியாதை. 'இது என் சோபாங்க, போன வருஷம் லுவாண்டா சந்தையில செஞ்சு வாங்கினது' என்று ஒரு வரி சொன்னால் போதும்.

நான் அமைதியாக யோசித்தேன். இது இல்லை என்றால் அது எங்கே என்று கேட்பார்கள். எங்கேயும் இல்லை என்றால், பின் யார் பார்த்தது என்று கேட்பார்கள். மூலையில் கருவியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு திருமணம் இரண்டு வீட்டுக்கு. ஒரு சொல் ஒரு தேசத்துக்கு. எது கனம் என்று நீங்களே சொல்லுங்கள்.

"உக்காருங்க ஐயா. பொருளுக்கு என்ன பாவம் தெரியும்" என்றேன்.

பெரியப்பா தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். "எங்க அப்பா ஜன்மத்துக்கும் தோள் வலிக்குதுன்னு சொல்லிச் செத்தாரு. இப்பதான் காரணம் தெரியுது" என்றார். அவர்கள் ஊர் எங்கள் குன்றிலிருந்து அரை நாள் தூரம், அவர் அப்பா இங்கே வந்தே இருக்க மாட்டார். ஆனால் அதைச் சொல்லும் நேரம் அது இல்லை. எல்லோரும் கிளம்பிப் போய்விட்டார்கள். மாப்பிள்ளைப் பையன் மட்டும் இரண்டு முறை திரும்பிப் பார்த்தான். எங்கள் பக்கத்தில் கோழிக் குழம்பு வாசனை வரும்போது கிளம்பிப் போகிறவன் மறுபடி வரமாட்டான் என்பது உங்களுக்கும் தெரியும்.

ஜென்ட்ரிக்ஸ் அழுவாள் என்று நினைத்தேன். அவள் விரிப்பை எடுத்து நாலாக மடித்து என் கையில் கொடுத்தாள்.

"எலெக்டின் அத்தை பின்னினது சார். ஒரு துளி கறை படாம பாத்துக்கிட்டேன்" என்றாள்.

அன்றிலிருந்து எலெக்டின் எனக்கு வெறும் உகாலிக் களிதான் வைக்கிறாள், தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. ஒருமுறை மட்டும் பேசினாள். "வாயில இருந்த ஒரு வார்த்தையச் சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு பொழச்சிருக்கும். வார்த்தைக்குச் சொந்தக்காரராம், வெக்கமா இல்ல?" பெண்களுக்கு ஆராய்ச்சியின் அருமை புரிவதில்லை. உங்களைச் சொல்லவில்லை.

இனிமேல்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டிய பகுதி. ஜென்ட்ரிக்ஸ் இதை எழுதவில்லை, அவளுக்குத் தெரியாது.

சில வாரம் கழித்து அம்புண்டோ என் வீட்டுக்கு வந்தான். பாதி ஆளாகியிருந்தான். சோபாவில் உட்காரச் சொன்னேன், மாட்டேன் என்று தரையில் உட்கார்ந்தான்.

"வாத்தியாரே, தாத்தா கனவுல வர்றாரு. பச்ச சோபாவுல உக்காந்திருக்காரு. நான் கீழ நின்னு தூக்குறேன். நீங்க படிச்சவரு. பொய் சொல்ல மாட்டீங்க. நெஜமாவே எங்க தாத்தா அப்படிப்பட்ட மனுஷனா?"

அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். ஒலிப்பதிவுக் கருவி இல்லை, ஊர் இல்லை, எம்.பி. இல்லை. உண்மையைச் சொல்வதால் எனக்கு ஒரு நஷ்டமும் வந்திருக்காது. அவன் யாரிடம் போய்ச் சொன்னாலும் ஊர் நம்பாது. இதையெல்லாம் அந்த நேரத்திலேயே நான் தெளிவாக நினைத்துப் பார்த்தேன். அவன் கண்ணில் தண்ணீர் நின்றிருந்தது. என்னை அவ்வளவு நம்பிக்கையோடு யாரும் பார்த்ததில்லை.

"சிவப்புன்னு கேள்வி" என்றேன்.

அவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். நான் தட்டிக்கொடுத்தேன். பரிகாரம் இருக்கிறது என்றேன். ஊரைக் கூட்டி மன்னிப்புக் கேள், ஒரு மாடு அடித்து எல்லோருக்கும் சோறு போடு, தாத்தா கனவில் வருவது நின்றுவிடும் என்றேன். அவனிடம் இருந்தது ஒரே ஒரு காளை. மகளின் திருமணத்துக்கு என்று வளர்த்தது. திருமணம்தான் இல்லை என்று ஆகிவிட்டதே, மாடு சும்மா நின்று தின்றுகொண்டிருப்பதில் என்ன லாபம்?

அந்த விருந்துக்கு மைக் நான் பிடிக்கவில்லை. என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். எங்கள் மாவட்டப் பண்பாட்டுக் குழுவில் என்னைச் சேர்த்திருந்தார்கள், அதனால் மரியாதை. போவதற்குக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது, கார் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். தங்கள் முன்னோர் சோபா தூக்கியதாகச் சொல்லிச் சாப்பிட வந்தவர்களை எண்ணினால், அந்தச் சோபா ஒரு தேவாலயம் அளவுக்கு இருந்திருக்க வேண்டும். அம்புண்டோ சட்டையில்லாமல் மண்டியிட்டான். செய்யாத குற்றத்தைச் செய்த தாத்தாவுக்காக, தூக்காத தோள்களின் பேரன்மாரிடம், ஒவ்வொருவராகக் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டான். என்னிடம்தான் முதலில் வந்தான். இடது முன்கால் அல்லவா.

இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் பக்கத்துக் குன்றுகளுக்கும் நடந்து போய் மன்னிப்புக் கேட்கிறான். கிசுமுவிலிருந்து வந்து மகள் கெஞ்சினாலும் கேட்பதில்லை. "நீ சின்னப் பொண்ணு, உனக்குத் தெரியாது" என்கிறானாம்.

ஆக, சொல் என்னுடையது, தலைவர் என் கற்பனை, பாட்டு என்னுடையது, அந்தத் திருமணத்தை முறித்த மௌனமும் என்னுடையது, காளையை அடிக்க வைத்தவனும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இதையே அம்புண்டோவின் எதிரில் ஒருமுறை சொல்லிவிட்டால் புகாரைத் திரும்பப் பெறுவதாக ஜென்ட்ரிக்ஸ் சொல்கிறாள் என்றீர்கள். மாப்பிள்ளைப் பையன் இன்னும் காத்திருக்கிறானாம். என்னால் முடியாது, அம்மா. பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். அந்த மனிதன் இப்போதுதான் கொஞ்சம் தூங்க ஆரம்பித்திருக்கிறான். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அவர்கள் குடும்பத்தின் மேல் எனக்கு வன்மம் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறாளே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். என் தாத்தாவை அவர்கள் என்ன பாடு படுத்தினார்கள் என்று நினைக்கும்போது எனக்கு இன்னும் நெஞ்சு அடைக்கிறது. இருந்தாலும் அம்புண்டோ என் காலைத் தொட்டபோது, அத்தனை பேர் முன்னால், முழு மனதோடு அவனை மன்னித்துவிட்டேன்.